பேரில்லாத கரை

அவிசாவளையிலிருந்து அட்டனுக்குப் போகிற பஸ் எட்டியாந்தோட்டையைக் கடந்த பிறகு, களனி கங்கை ரோட்டோடு கூடவே வரத் தொடங்கும். கித்துல்கலயை நெருங்க நெருங்க ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் குளிர் தட்டும். ரோட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு துண்டுக் காடு. சில இடத்தில் இருபது எட்டு வைத்தால் தண்ணீர், சில இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டும். மர வேர்களே படிக்கட்டாக இறங்கும். கீழே சப்பைப் பாறைகள், மேலுக்கு அமைதியாகத் தெரியும் தண்ணீர், அக்கரையில் மகந்தாவ காட்டின் இருட்டு.

பூங்கா என்று யாரும் அங்கே பலகை நாட்டவில்லை. வாசல் இல்லை, டிக்கட் இல்லை. ஆனால் பூங்காவுக்குப் போய் மனிதர்கள் எதைத் தேடுவார்களோ அதையெல்லாம் நாங்கள் அங்கேதான் தேடிக்கொண்டோம். தீபாவளிக்கு மறுநாள் பிள்ளைகுட்டிகளோடு போய்க் குளித்தோம். சிவனொளிபாதமலைக்குப் போகிற வழியில் வேனை நிறுத்திச் சோற்றுப் பார்சலை அவிழ்த்தோம். பெண் பார்க்க வந்தவர்களை, வீட்டில் இடம் போதாமல், அங்கே அழைத்துப்போய் உட்காரவைத்துப் பேசிய குடும்பங்கள் இருக்கின்றன. இரண்டு காம்பராவுக்குள் ஏழு பேர் வாழ்கிற லயத்துச் சனத்துக்குத் தனியாக உட்கார்ந்து அழுவதற்கும் அந்தக் கரை வேண்டியிருந்தது.

அந்த இடத்தை நாங்கள் கெடுத்துவிட்டோம். வெளியூரிலிருந்து வருகிறவர்களும் கெடுத்தார்கள்தான். அவர்களைப் பற்றி எழுத ஆளுண்டு. நான் எங்களைப் பற்றி எழுதுகிறேன். மேலே ரப்பர் மலைகளிலிருந்து இறங்கி வருகிற தோட்டத்துச் சனமாகிய எங்களை, அதிலும் கோயில் கமிட்டியில் பல வருடம் செயலாளராக இருந்தவனும் தமிழ் படிப்பிக்கிற வாத்தியாருமாகிய என்னை.

மாரியம்மன் திருவிழாவிலிருந்து தொடங்குகிறேன். கரகம் பாலிக்க ஆற்றுக்குத்தான் போவோம். பொழுது சாயும் நேரம், தப்பு முழங்க, பூசாரி கரையில் இடம் கூட்டித் தண்ணீர் தெளித்து, செம்பில் ஆற்றுத் தண்ணீர் எடுத்து, வேப்பிலையும் பூவும் வைத்துக் கட்டுவார். ஆத்தாள் அந்தத் தண்ணீரில்தான் வந்து இறங்குகிறாள் என்பது எங்கள் நம்பிக்கை. அந்த நேரத்தில் கரையில் செருப்போடு யாரும் நிற்க மாட்டார்கள். கரகம் தலையில் ஏறி ஊர்வலம் மேலே போன பிறகு கரையில் என்ன கிடக்கும் என்று நான் ஒரு வருடமும் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரே ஒரு வருடம்தான் பார்த்தேன், அதுவும் டோர்ச் லைட்டை மறந்துவிட்டு எடுக்கப் போனதால். கற்பூரப் பெட்டிகள், பன்னீர்ப் போத்தல், பூ வந்த ஷொப்பிங் பேக்குகள், தப்படித்த பையன்களுக்கு நாங்கள் வாங்கிக்கொடுத்த சோடாவின் பிளாஸ்டிக் போத்தல்கள், லன்ச் ஷீட்டில் சுற்றிய மிச்சச் சோறு. லன்ச் ஷீட்டை நாட்டில் 2017 செப்டம்பரிலேயே தடை செய்தாயிற்று. எங்கள் அம்மனின் காலடியில் அது தடையில்லாமல் கிடந்தது. வாங்கிய கணக்கு என் கையெழுத்தில் கமிட்டிக் கொப்பியில் இருக்கிறது.

கருமாதியும் அப்படித்தான். பதினாறாம் நாள் காரியம் முடித்து, செத்தவரின் பாய், தலையணை, உடுத்தின துணி எல்லாவற்றையும் ஆற்றோடு விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும் என்பார்கள். அந்தக் காலத்துப் பாய் கோரைப்பாய், தலையணை இலவம்பஞ்சு. ஆறு அதைத் தின்றுவிடும். இப்போது பாய் பிளாஸ்டிக், தலையணைக்குள் ஸ்பொஞ்ச். ஆறு அதைத் தின்ன மாட்டாமல் அடுத்த வளைவிலேயே வேரில் கொண்டுபோய் மாட்டிவைக்கிறது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற முறையை நாங்கள் நன்றாகக் கடைப்பிடித்தோம். என் அப்பாவின் பாய் எந்த வேரில் மாட்டியது என்று எனக்குத் தெரியாது.

ஏன் இப்படி ஆனோம் என்று எங்களுக்குள் பேசும்போது ஒரு பதில் உடனே வரும்: "அது நம்ம எடமா?" இந்தப் பதிலுக்குப் பின்னால் உண்மை இருக்கிறது, அதை நான் மறைக்க மாட்டேன். லயம் கம்பெனியுடையது. வீட்டுத்தோட்டம் போட்ட துண்டு நிலம்கூட எழுத்தில் எங்களுடையதில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து எங்கள் தாத்தாமாரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப் போட்டு, இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. கப்பலேறப் போகிறவன் மரம் நடுவானா? எந்தக் காட்டை நம் காடு என்பான்? 1977இலும் 1981இலும் 1983இலும் இனக்கலவரங்களில் சப்ரகமுவத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்களுக்கு இடத்தின் மேல் பற்று வை என்று யாரும் போதிக்க முடியாது.

ஆனால் அந்த இரவுகளில் அவர்கள் எங்கே ஒளிந்தார்கள்? ரப்பர் மலைக்குள்ளும், அதற்கப்பால் காட்டுக்குள்ளும். கைக்குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு அட்டைக் கடியில் விடிய விடிய இருந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சட்டம் எங்களைத் தள்ளிய காலத்திலும் அந்த மரங்கள் தள்ளவில்லை. 2003இல், 1964 ஒக்டோபர் 30 முதல் இந்த நாட்டில் நிரந்தரமாக வாழ்கிற இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அடையாள அட்டை கையில் இருக்கிறது, வாக்குச் சீட்டு இருக்கிறது. "அது நம்ம எடமா?" என்ற கேள்வியை மட்டும் நாங்கள் இன்னும் கைவிடவில்லை. குப்பை போடும்போது அது வசதியாக இருக்கிறது.

ஒரு நாள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஒரு சிறுமி, பட்டை உரிந்து சாம்பல் வெள்ளையாக நின்ற பெரிய மரத்தில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "சேர், இந்த மரத்துக்குத் தமிழ்ல என்னா பேரு?" எனக்குத் தெரியவில்லை. சிங்களத்தில் கும்புக் என்பது தெரியும். தமிழில் நாங்கள் அதைக் 'கும்புக்கு' என்றோம், இல்லாவிட்டால் 'ஆத்து மரம்' என்றோம். வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டினேன். மருது. நீர்மருது.

அன்று இரவு நான் பட்ட வெட்கத்தை எழுதத்தான் வேண்டும். ஐந்திணையைப் பிள்ளைகளுக்கு எத்தனை முறை படிப்பித்திருப்பேன்! முதற்பொருள், கருப்பொருள் என்று கரும்பலகையில் கோடு போட்டு, மருதம் என்றால் வயலும் வயல் சார்ந்த இடமும், திணைக்கு அந்தப் பெயர் மரத்தால் வந்தது என்று சொல்லியிருக்கிறேன். திணைக்குப் பெயர் கொடுத்தது நீர்மருதா பூமருதா என்று அறிஞர்கள் வாதிடட்டும். எங்கள் குடும்பங்கள் நாலு தலைமுறையாகத் துணி துவைத்து, குளித்து, கரகம் கட்டிய நிழல் ஒரு மருதின் நிழல் என்பது தமிழ் வாத்தியாருக்கே தெரியவில்லை. கித்துல்கல என்ற ஊர்ப்பெயரில் இருக்கிற கித்துல், தமிழில் கூந்தற்பனை. பாளையைப் பார்த்தால் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று குழந்தைக்கும் விளங்கும். அதையும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை. மதுரையையும் தஞ்சாவூரையும் பற்றிக் கேட்டால் எங்கள் பிள்ளைகள் ஏதாவது சொல்வார்கள். காலடியில் நிற்கிற மரத்தைப் பற்றிக் கேட்டால் வாயடைத்துப் போகும்படி அவர்களை வளர்த்தது நாங்கள்தான்.

மரத்தையாவது கண்ணால் பார்த்தோம். காதால் கேட்டதை விட்டது அதைவிடப் பெரிய குறை என்று நினைக்கிறேன். 1995இல் தீபால் வரகாகொட என்ற பறவை ஆய்வாளர் இதே கித்துல்கலக் காட்டில் இரவில் ஒரு குரலைக் கேட்டார். அவருக்குத் தெரிந்த எந்தப் பறவையின் குரலும் அல்ல அது. அந்தக் குரலை அவர் விடவில்லை. ஆறு வருடம் காத்திருந்து, 2001 ஜனவரியில் சிங்கராஜக் காட்டில் அந்தப் பறவையைக் கண்ணால் கண்டார். செம்பழுப்பு நிறம், ஒரு சாண் நீளம்கூட இல்லாத சின்ன ஆந்தை. இலங்கையில் நூற்றுமுப்பது வருடத்துக்கு மேலாகப் புதுப் பறவை எதுவும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. 2004இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். சிங்கராஜக் காட்டை மரம் வெட்டுகிறவர்களிடமிருந்து காக்கப் போராடிய திலோ ஹொஃப்மன் என்பவரின் பெயரை.

ஒன்றரை நூற்றாண்டாக அந்தக் காட்டோரத்தில் படுத்து எழும்பியது எங்கள் சனம். இருட்டோடு எழுந்து, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர்கள் எங்களில் உண்டு. அந்த ஆந்தை இந்தக் காடுகளில் அன்றும் கத்தியிருக்கும். எங்கள் காதில் விழாமலா இருந்திருக்கும்? ஆந்தை கத்தினால் சாவு என்று கதவைச் சாத்தினோம். இந்தக் குரல் வேறாக இருக்கிறதே என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரிந்திருக்காது என்பது ஒரு பக்கம். இப்போது சொல்லலாம். எங்கள் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள், விலங்கியல் படிக்கிறார்கள். லீவுக்கு வருகிறவர்களில் ஒருவரையாவது, இரவில் ஆற்றங்கரைக்கு வா, இந்தக் காட்டைப் பற்றிச் சொல் என்று நாங்கள் அழைத்ததில்லை. உத்தியோகம் எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்டோம்.

இதே கரையில் இன்னொரு மறதியும் கிடக்கிறது. 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தை டேவிட் லீன் இங்கேதான் எடுத்தார். ஆற்றுக்குக் குறுக்கே மரப்பாலம் கட்டி, 1957 மார்ச்சில் அதை வெடிவைத்துத் தகர்த்துப் படம்பிடித்தார்கள். பாலத்துக்குப் போட்ட கொங்கிரீட் அடித்தளம் இன்னும் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் தேடி வருகிறார்கள். நாங்களும் போய்நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். என் அலுமாரியிலும் அப்படி ஒரு படம் இருக்கிறது.

அந்தப் படம் பிரித்தானியப் போர்க்கைதிகளின் கதை. உண்மையான பாதை, 1942க்கும் 1943க்கும் நடுவில் ஜப்பானியர் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீற்றர் ரயில் பாதை. அதில் போர்க்கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக வேலை செய்தவர்கள் ஆசியக் கூலிகள். அவர்களில் பெருந்தொகையானோர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசைகாட்டியும் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் அங்கே விழுந்தார்கள். போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல்கூட மிஞ்சவில்லை.

திருச்சியிலும் சேலத்திலும் ஒரே ஊரிலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகளில் ஒருவன் மலாயாவுக்கும் ஒருவன் இலங்கைக்கும் போன காலம் அது. அங்கே ரப்பர்ப் பால் வெட்டியவனின் சாவுப் பாதையை, இங்கே ரப்பர்ப் பால் வெட்டுகிறவனின் ஆற்றங்கரையில் படமாக எடுத்தார்கள். அந்தப் பாதையில் போனவர்கள் எங்கள் சனம் என்று அந்தக் கொங்கிரீட்டின் பக்கத்தில் நின்று நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னோமா? ஒரு விளக்காவது வைத்தோமா? கருமாதிக்கென்று போகிற கரைதானே அது. ஒரு வருடமாவது, பேர் தெரியாத அந்தச் சனத்துக்கும் சேர்த்து ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் விட்டிருக்கலாம். எனக்கே இந்த வரலாறு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. தெரிந்த பிறகும் பாடவேளையில் சொல்லாமல் இருந்ததற்கு எனக்குச் சாக்கு எதுவும் இல்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. மேலே காசல்ரீ, மவுசாக்கலை அணைகள், லக்சபான, பொல்பிட்டிய மின்நிலையங்கள். எல்லாவற்றையும் சுற்றி வந்த தண்ணீர்தான் எங்கள் கரைக்கு வருகிறது. மின்நிலையத்தில் தண்ணீர் விட்டால் வெயில் நாளிலும் ஆறு சட்டென்று ஏறும். நாட்டுப் பக்கத்துச் சனத்துக்கு அந்த நேரம் தெரியும். வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது. எத்தனையோ தாய்மாரை அந்தப் பாறைகள் மேல் உட்காரவைத்து நாங்கள் தண்ணீர் கொடுத்திருக்கிறோம். கரையில் தமிழில் எச்சரிக்கைப் பலகை இல்லை என்று கோபமாகப் பேசியிருக்கிறோம். ஒரு தகரமும் ஒரு டின் பெயின்ட்டும் வாங்கி நாங்களே எழுதி மாட்ட எத்தனை ரூபாய் ஆகும்? திருவிழாவுக்குச் சீரியல் பல்ப் வாடகை அதைவிட அதிகம்.

கொழும்பின் குடிதண்ணீரில் பெரும்பகுதி அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் புறக்கோட்டைக் கடைகளிலும் வத்தளைப் பக்கத்து வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். அவர்கள் குழாயைத் திறந்து குடிக்கிற தண்ணீரில் எங்கள் கரைத் தண்ணீரும் கலந்திருக்கிறது. ஸ்டோரில் ரப்பர்ப் பாலை உறையவைக்கிற அசிட் கலந்த வெள்ளைக் கழுவுநீர் நேரே ஓடைக்குப் போன காலத்தில், அந்த நாற்றம் எங்களுக்குத் தெரியும். அது எங்கே போகிறது என்பதும் தெரியும். சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தோம், செய்யத்தான் வேண்டும். ஓடைக்காக ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. திறந்தால் பேர் வெட்டுவார்கள், அன்றைய கூலி போய்விடும் என்ற பயம் இருந்தது. பயம் உண்மை. ஆனால் பயம் இல்லாத இடத்திலும் நாங்கள் பேசவில்லை.

2016 மே மாதத்தில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்கள் மூடிப்போயின. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தின் மேலும் மண் விழுந்து எங்கள் சனம் செத்தது. அதற்குப் பிறகு மழை பெய்தால் யாருக்கும் தூக்கம் இல்லை. மண்ணைப் பிடித்து நிற்பது வேர் என்பது அப்போது எல்லார் வாயிலும் வந்தது. அந்த வருடமே, கரையில் நின்ற இரண்டு மரங்களைத் திருவிழாப் பந்தலுக்கு வெட்டுவதற்கு நாங்கள் கூட்டத்தில் கைதூக்கினோம். மழை நின்றிருந்தது, மறந்துவிட்டோம். வெட்டின இடத்தில் கரை இப்போது ஒரு பாகம் உள்ளே வந்துவிட்டது.

ஆற்றோரத்தில் கித்துல் சீவுகிற ஒரு சிங்களப் பெரியவர் இருக்கிறார். குளிக்க வருகிறவர்கள் உடைத்துப் போட்ட போத்தல் துண்டுகளைப் பொறுக்கி ஒரு பழைய பால்வாளியில் போட்டுவைப்பார். அவர் காலை ஒருதரம் அது கிழித்திருக்கிறது. எத்தனையோ வருடமாக அவரைப் பார்க்கிறேன். சிரிப்பார், சிரிப்பேன். அந்த வாளியை ஒரு தடவை வாங்கிக்கொண்டுபோய்க் கொட்டியது கிடையாது. போன மாதம் முதல்முறையாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து மரங்களின் பெயரைக் கேட்டேன். கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தேன். நா என்றார், நாகமரம். மீ என்றார், இலுப்பை. ஹொர என்றார், வல் தெல் என்றார். அவற்றுக்குத் தமிழ்ப் பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. அவர் சொன்ன பெயரையே தமிழில் எழுதிவைத்தேன்.

இந்த வருடத் திருவிழாக் கூட்டத்தில் வரவுசெலவு எழுதும்போது, தப்புக்காரர், மைக் செட், பூ, எண்ணெய் எல்லாம் எழுதிய பிறகு இன்னொரு வரி எழுதினேன்: 'கரகம் போன பிறகு ஆத்தங்கரை கூட்ட ஆறு பேர், அரை நாள்.' கமிட்டிப் பெரியவர் ஒருவர், "இதுக்குமா பேரு போடணும்?" என்றார். "போடணும், அண்ணே" என்றேன். வேறு ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. அதை அடித்துவிடவும் இல்லை, வரி கொப்பியில் நின்றது. ஆறு பேரில் நான் ஒருவன். மற்ற ஐந்து பேருக்கு இடம் விட்டிருக்கிறேன், இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை. வாங்கிவைத்த உரச்சாக்குகள் கோயில் மடப்பள்ளியில் மடித்தபடி இருக்கின்றன.